வீட்டுக்குள்ளேயே கோல்ஃப்: அலைன்மென்ட், ஸ்விங், உடம்பைத் தயார் செய்தல்

கேள்வி இதுதான்: வலதுகை ஆட்டக்காரர், வாரம் ஒரு நாள்தான் டிரைவிங் ரேஞ்சுக்கு (அடித்துப் பழகும் திடலுக்கு) போக முடிகிறது. பந்து வலப்பக்கம் வளைந்து போகிறது. சரி என்று இடப்பக்கம் குறி வைத்தால் இன்னும் மோசமாக வளைகிறது. அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டே அலைன்மென்ட்டையும் (குறிக்கு நேராக நிற்பதையும்) ஸ்விங்கையும் (மட்டையை வீசுவதையும்) எப்படிச் சீராக்குவது, அதற்கு என்ன உடற்பயிற்சி செய்வது?

இடப்பக்கம் குறி வைக்க வைக்க ஸ்லைஸ் (இந்த வலப்பக்க வளைவு) கூடுகிறது என்பதிலேயே நோய் தெரிந்துவிடுகிறது. பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, அடிக்கும் நொடியில் கிளப் ஃபேஸ் (மட்டையின் பந்தில் படும் முகம்) பார்க்கும் திசை. டிரைவரில் (தூரம் அடிக்கும் நீளக் கிளப்) அதன் பங்கு ஏறத்தாழ 85 விழுக்காடு, அயனில் (இரும்புத் தலைக் கிளப்) 75. கிளம்பிய பந்து வளைவதற்குக் காரணம் வேறு: கிளப் வீசப்படும் பாதைக்கும் ஃபேஸுக்கும் உள்ள கோண வித்தியாசம். நீங்கள் தோளை இடப்பக்கம் திருப்பி நின்றால் வீச்சுப் பாதையும் இடப்பக்கம் போகும். ஆனால் கண்ணுக்குக் குழியில் நட்ட கொடி தெரிகிறது, அதனால் கை தன்னையறியாமல் ஃபேஸைக் கொடியை நோக்கியே வைக்கும். வித்தியாசம் பெருகுகிறது, வளைவும் பெருகுகிறது. ஆக முதலில் நிற்பதைச் சரி செய்ய வேண்டும், ஸ்விங்கைத் தொடுவது அதற்கப்புறம். கோணலாக நின்றுகொண்டு நேராக அடிக்க உடம்பு கண்டுபிடிக்கும் குறுக்குவழிகளைத்தான் நாம் பல நேரம் ஸ்விங் கோளாறு என்று பெயரிட்டுத் திருத்தப் பார்க்கிறோம்.

எவ்வளவு துல்லியம் தேவை என்று ஒரு கணக்கு. 200 யார்டு அடியில் ஃபேஸ் ஒரு டிகிரி விலகினால் பந்து மூன்றரை யார்டு விலகும். ஐந்து டிகிரி என்றால் 17 யார்டுக்கு மேல். 30 யார்டு அகலமுள்ள ஃபேர்வேயின் (புல் வெட்டிய ஆடுபாதை) நடுவைக் குறி வைத்தவர் ரஃபுக்குள் (அதன் ஓரத்து நீளப் புல்) போய்த் தேட வேண்டியதுதான். அந்த ஐந்து டிகிரி கிளப்பில் எவ்வளவு தெரியும்? அயனின் அடிவிளிம்பு சுமார் 8 செ.மீ. என்று வைத்தால், நுனிக்கும் குதிக்கும் (தண்டை ஒட்டிய முனை) இடையே வெறும் 7 மி.மீ. முன்பின். நின்ற இடத்தில் மேலிருந்து பார்க்கும் கண் அதைப் பிடிக்காது. கோடு போட்டுப் பார்த்தால் உடனே பிடிபடும்.

அந்தக் கோடு உங்கள் வீட்டுத் தரையிலேயே இருக்கிறது. இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் போட்ட ஹால் என்றால், அடுத்தடுத்த இரண்டு நீளவாட்டு இணைப்புக் கோடுகளுக்கு இடையே சுமார் 60 செ.மீ. ஏழாம் அயனில் பந்துக்கும் கால்விரலுக்கும் இருக்கும் தூரமும் பலருக்கு ஏறத்தாழ அதுவே. ஒரு கோட்டின் மேல் பந்தை வையுங்கள், அதுதான் குறிக்கோடு. அடுத்த கோட்டருகே கால். தண்டவாளத்தின் இரண்டு இரும்புபோல இரண்டும் இணையாக ஓட வேண்டும். குறியை நோக்கி ஓடுவது பந்தின் கோடு மட்டும்தான். உயரத்துக்கேற்ப உங்கள் தூரம் சற்றுக் கூடலாம், குறையலாம். டைல்ஸுக்காக எட்டி நிற்கவோ ஒடுங்கி நிற்கவோ வேண்டாம், இணையாக இருந்தால் போதும்.

இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கங்கள் சில. அயனின் அடிவிளிம்பைத்தான் குறுக்குக் கோட்டோடு பொருத்த வேண்டும். மேல்விளிம்பைப் பொருத்தினால் ஃபேஸ் மூடிக்கொண்டு இடப்பக்கம் பார்க்கும். கிளப்பின் நுனி தூக்கி நின்றாலும் அதே கதை, லாஃப்ட் (ஃபேஸின் மேல்நோக்கிய சாய்வு) அதிகமுள்ள கிளப்பில் இது இன்னும் அதிகம். அடுத்து கால். இடது பாதத்தை 20, 30 டிகிரி வெளியே திருப்பி வைப்பது பலருக்கு வசதி, அதில் தப்பில்லை. ஆனால் அப்படித் திருப்பியதும் விரல் நுனிகளை வைத்து அளந்தால் ஸ்டான்ஸ் (நிற்கும் நிலை) இடப்பக்கம் திறந்திருப்பதுபோலப் பொய்யாகத் தெரியும். ஆகவே குதிகால்களைப் பாருங்கள். இரண்டு குதிகாலும் கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும்.

உண்மையில் கால் செய்யும் கெடுதல் குறைவு. கால்களின் கோட்டையே கொடிக்கு நேராக வைத்தாலும், 150 யார்டு தூரத்தில் அந்த 60 செ.மீ. கால் டிகிரிதான் ஆகிறது. பெரிய சேதம் தோளில் நடக்கிறது. பந்தைப் பார்த்தபடி நின்று தலையைத் திருப்பும்போது இடது தோளுக்கு நேரே மேலே கொடி தெரிந்தால் ‘ஆஹா, சரியாக நிற்கிறேன்’ என்று தோன்றும். அப்படித் தெரிந்தால் தோள் வலப்பக்கம் மூடிக் கிடக்கிறது என்று பொருள். சரியாக நிற்பவருக்கு இடது தோள் கொடிக்கு இடப்பக்கம் விலகிப் பார்ப்பதுபோல இருக்கும். முதல் சில வாரம் இந்த உணர்வு தப்பாகவே படும், அதனால்தான் ஒரு கம்பு தேவைப்படுகிறது. ஒட்டடைக் கம்போ, ஹார்டுவேர் கடையில் நாலடி வெட்டித் தரச் சொன்ன அரை அங்குல பிவிசி பைப்போ போதும். ஸ்டான்ஸ் எடுத்து, கிளப்பைக் கீழே விட்டுவிட்டு, கம்பை முதலில் தொடைகளின் மேலும், பிறகு இரண்டு தோள்பட்டையின் முன்னும் பிடித்து, அது டைல்ஸ் கோட்டோடு இணையாக ஓடுகிறதா என்று குனிந்து பாருங்கள். இடுப்பு சரியாக இருந்து தோள் மட்டும் கோணலாக இருப்பதுதான் அதிகம் காணப்படுவது.

தோள் கோணலுக்கு இரண்டு ஊற்றுகள். கிரிப்பில் (கிளப்பைப் பிடிக்கும் பிடியில்) வலது கை இடது கைக்குக் கீழே இருப்பதால் வலது தோள் முன்னால் எட்டிப் போகப் பார்க்கும், அப்போது தோள் இடப்பக்கம் திறந்துகொள்ளும். வலது முழங்கையை லேசாகத் தளர்த்தி விலாப்பக்கம் விட்டால் சரியாகும். பீரோ கண்ணாடி இதற்கு அருமையான கருவி. கண்ணாடி உங்கள் வலப்பக்கம் வருமாறு ஸ்டான்ஸ் எடுத்துத் தலையைத் திருப்பிப் பாருங்கள். வலது முன்கை இடது முன்கைக்கு மேலே தூக்கி நின்று அதை மறைத்தால் தோள் திறந்திருக்கிறது. இரண்டாவது ஊற்று பந்து இருக்கும் இடம். பந்தை இடது காலைத் தாண்டி முன்னால் வைத்தால் எட்டுவதற்குத் தோள் திறக்கும், வலது காலருகே வைத்தால் மூடும். ஏழாம் அயனுக்கு ஸ்டான்ஸின் நடுவிலிருந்து ஒரு பந்து அகலம் இடப்பக்கம், டிரைவருக்கு இடது குதிகாலுக்கு உள்பக்கம் நேராக. இதை மாஸ்கிங் டேப்பால் தரையில் குறித்து வைத்துவிடுங்கள். தினமும் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை.

டைல்ஸில் மட்டும் பழகினால் ஒரு ஆபத்து உண்டு. சுவரும் கோடும் உங்களுக்காக வேலை செய்துவிடும், வெளியே போனதும் கண் அநாதையாகும். எனவே பாதிப் பயிற்சியைக் கோட்டுக்குக் குறுக்காகச் செய்யுங்கள். அறையின் மூலையில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து, அதை மூலைவிட்டமாகக் குறி வையுங்கள். ஸ்டான்ஸ் எடுங்கள், குதிகால்களை ஒட்டிக் கம்பைத் தரையில் கிடத்துங்கள், பின்னால் போய் நின்று பாருங்கள். கம்பு பாட்டிலுக்கு இடப்பக்கமாக, பந்துக்கோட்டுக்கு இணையாக ஓட வேண்டும். பாட்டிலின் இடத்தை மாற்றி, பத்துத் தடவை. எத்தனை தடவை வலப்பக்கம் தவறினீர்கள், எத்தனை இடப்பக்கம் என்று எழுதி வைத்தால் உங்கள் கண்ணின் சாய்வு இரண்டு வாரத்தில் வெளிச்சமாகிவிடும்.

இதோடு ஒரு ஒழுங்குமுறையையும் சேர்த்தே பழகுங்கள். பந்துக்குப் பின்னால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று கோட்டைப் பாருங்கள். அந்தக் கோட்டில் பந்துக்கு ஒன்றரை மீட்டருக்குள் ஒரு அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள், புல் தரையில் ஒரு காய்ந்த இலை, வீட்டில் ஒரு நாணயம். 18 மேஜர் (முதன்மைப் போட்டி) பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லஸ் ஆட்டக்காலம் முழுதும் செய்தது இதுதான்: தொலைவிலுள்ள கொடிக்குப் பதில் அருகிலுள்ள புள்ளியை நோக்கி ஃபேஸை வைப்பது. முதலில் ஃபேஸ், பிறகு வலது கால், பிறகு இடது கால். காலை முதலில் நட்டுவிட்டுக் கிளப்பைப் பிறகு வைப்பவர்களின் அலைன்மென்ட் ஒருநாளும் நிலைக்காது. குறியைப் பார்க்கும்போது தலையைத் தூக்காமல் கழுத்தைச் சுழற்றிப் பாருங்கள். தூக்கினால் தோளும் சேர்ந்து திறக்கும்.

இந்த ஒழுங்குமுறை மனப்பாடமாக வேண்டியதற்கு விதியும் ஒரு காரணம். ரேஞ்சில் கம்பு வைத்துப் பழகலாம். ஆட்டத்தில் ஸ்டான்ஸ் எடுக்க உதவியாகக் கிளப்பையோ கம்பையோ தரையில் வைத்தால் ஸ்ட்ரோக் ப்ளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை, அடிப்பதற்கு முன் எடுத்துவிட்டாலும் தப்ப முடியாது. 2019 முதல், நீங்கள் ஸ்டான்ஸ் எடுக்கத் தொடங்கியபின் கேடி (கிளப் பையைத் தூக்கி வரும் உதவியாளர்) பின்னால் நின்று திசை சரி பார்த்துச் சொல்வதும் தடை.

ஸ்விங்குக்கு வருவோம். முதலில் இடம். நம் வீடுகளில் தளம் பத்தடி, மின்விசிறி அதற்கும் ஒன்றரை அடி கீழே தொங்கும். டிரைவர் மட்டும் 45 அங்குலம். ஹாலில் முழு வீச்சு வேண்டவே வேண்டாம், விசிறியை நிறுத்தினாலும் சரி. வெட்ஜோ (குட்டையான கிளப்) ஏழாம் அயனோ எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை அரை வீச்சு, அதுவும் ஆள் நடமாட்டம் இல்லாதபோது. டைல்ஸ் மேல் மெல்லிய மேட் போட்டு நிஜப் பந்தை அடிப்பதும் கூடாது. அடியில் கான்கிரீட் இருப்பதால் அதிர்ச்சி முழுவதும் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் போகிறது, முழங்கையின் உள்பக்க வலி பலருக்கு இப்படித்தான் தொடங்குகிறது.

ஸ்லைஸ் அடிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கிரிப். குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு முதல் மூன்று கணுக்கள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் ஃபேஸ் திறந்தே, அதாவது வலப்பக்கம் பார்த்தே வரும், வேறு எந்தத் திருத்தமும் ஒட்டாது. அடுத்து கண்ணாடி முன், பேக்ஸ்விங்கில் (கிளப்பைப் பின்னுக்குத் தூக்கும்போது) கிளப் தண்டு தரைக்கு இணையாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். அடிவிளிம்பு உங்கள் முதுகெலும்பின் சாய்வுக்கு ஒத்து, லேசாக முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். நுனி வானத்தைப் பார்த்துப் பின்னால் மல்லாந்திருந்தால் ஃபேஸ் திறந்துவிட்டது. டவுன்ஸ்விங்கில் (கீழே இறக்கும்போது) அதே உயரத்தில் மறுபடி நிறுத்திப் பாருங்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை, பத்து நொடிக்கு ஒரு வீச்சு என்ற மெதுவான கதியில். வேகமாகச் செய்தால் உடம்பு பழைய பழக்கத்துக்கே ஓடிவிடும்.

வீச்சுப் பாதைக்கு ஒரு காலி அட்டைப்பெட்டி. பந்து இருக்கும் இடத்துக்கு அப்பால், கிளப் நுனியிலிருந்து மூன்று செ.மீ. விட்டு, குறிக்கோட்டுக்கு இணையாக வைத்து, அதன் பெரும்பகுதி பந்துக்கு வலப்பக்கம் நீளுமாறு தள்ளுங்கள். பந்து வேண்டாம். மெதுவான அரை வீச்சில் இறங்கும்போது பெட்டியில் கிளப் இடித்தால், வலது தோள் முதலில் பாய்ந்து கிளப்பை வெளியிலிருந்து உள்ளே இழுக்கிறது என்று அர்த்தம். இடுப்பு முதலில் இடப்பக்கம் நகர்ந்து திரும்பட்டும், கை அதன்பின் விழட்டும். பெட்டி தானாகத் தப்பிக்கும்.

இடுப்புக்குச் சுவர். புட்டம் சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்று, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு திரும்புங்கள். பேக்ஸ்விங்கில் வலது புட்டம் சுவரில் படும், டவுன்ஸ்விங்கில் இடது புட்டம் பட வேண்டும். பலருக்கு அந்த நேரத்தில் இரண்டுமே சுவரை விட்டு விலகி இடுப்பு பந்தை நோக்கிப் பாயும். அப்போது கைக்கு இடமில்லாமல் போய், பந்து கிளப்பின் குதியில் படும் அல்லது கிளப் பந்தின் தலையைத் தட்டி உருட்டிவிடும். இதோடு அக்குளில் ஒரு சிறு துண்டைக் கவ்விக்கொண்டு அரை வீச்சு வீசிப் பழகினால் கையும் மார்பும் சேர்ந்து திரும்பும். முழு வீச்சில் துண்டு வைக்காதீர்கள், அங்கே அது விழத்தான் வேண்டும்.

மொட்டைமாடி இருந்தால் ஒன்று கூடுதல்: கிளப்பைத் தலைகீழாக, தலைக்குக் கீழே பிடித்து முழு வேகத்தில் வீசுங்கள். ‘விஷ்’ என்ற ஓசை பந்து இருக்க வேண்டிய இடத்திலும் அதற்குச் சற்று அப்பாலும் கேட்க வேண்டும். வலது தோளருகே கேட்டால் வேகத்தை மேலேயே செலவழித்துவிட்டீர்கள்.

புட்டிங்கை (பந்தைக் குழிக்குள் உருட்டுவதை) வீட்டில் விட்டுவைப்பவர்கள் பெரிய நஷ்டத்தில் இருக்கிறார்கள். குழியின் விட்டம் 108 மி.மீ. பத்தடி புட்டில் மையத்திலிருந்து விளிம்புக்கு ஒரு டிகிரிதான். ஒரு மீட்டர் எஃகு ஸ்கேலைக் கம்பளத்திலோ தடித்த மேட்டிலோ கிடத்தி, ஒரு முனையில் பந்தை வைத்து, மறுமுனை வரை விழாமல் உருட்டுங்கள். 30 மி.மீ. அகல ஸ்கேலில் நடுவிலிருந்து விலகினால் ஒரு டிகிரிக்குள்ளேயே பந்து கீழே விழுந்துவிடும். பள்ளிக்கூட 30 செ.மீ. ஸ்கேல் உதவாது, அது இரண்டரை டிகிரி வரை மன்னிக்கும். வெறும் டைல்ஸில் உருட்டாதீர்கள், வேகம் தாறுமாறாகி ஸ்ட்ரோக்கைச் சுருக்கப் பழகிவிடுவீர்கள்.

போனில் படமெடுக்கும்போது, கைகளின் உயரத்தில், கைகள் இருக்கும் கோட்டில், குறிக்கு எதிர்ப்பக்கம் மூன்று மீட்டர் பின்னால் ஸ்டூலில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். அந்தத் தூரத்தில் போன் 30 செ.மீ. பக்கவாட்டில் தள்ளி இருந்தாலே படம் ஆறு டிகிரி பொய் சொல்லும். சரியான ஸ்விங்கைத் தப்பென்று திருத்தப் போய்விடுவீர்கள்.

இனி உடம்பு. கோல்ஃபுக்கு முதலில் வேண்டியது இடுப்பும் மேல்முதுகும் திரும்பும் திறன். அவை திரும்பாவிட்டால் அந்த வேலையைக் கீழ்முதுகு ஏற்கிறது. கீழ்முதுகு எலும்புகள் சுழல்வதற்கு அமைந்தவை அல்ல. முதுகுவலிக்கு அதுவே வழி. சோதிப்பது எளிது. டைல்ஸ் கோட்டுக்கு நேராக நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களைச் சேர்த்து, கம்பை மார்புக்குக் குறுக்கே பிடித்துத் திரும்புங்கள். கம்பு டைல்ஸின் மூலைவிட்டத்தோடு ஒத்துப்போனால் 45 டிகிரி. இரண்டு பக்கமும் அது வர வேண்டும். பிறகு அதே நாற்காலியில் முழங்கால்களுக்கு நடுவே மடித்த துண்டை வைத்து, பாதங்களை ஒவ்வொன்றாக வெளியே விலக்குங்கள். இது இடுப்பின் உட்சுழற்சி. இடது பக்கம் குறைந்தால் அடித்து முடிக்கையில் உடம்பு திரும்பாமல் முட்டும், வலது பக்கம் குறைந்தால் பேக்ஸ்விங்கில் திரும்பாமல் பக்கவாட்டில் நகரும்.

சம்மணம் போட்டு உட்காரும் பழக்கம் உள்ளவர்கள் இடுப்பு தளர்வாகவே இருக்கிறது என்று நினைப்பார்கள். சம்மணம் வெளிச்சுழற்சிக்கு நல்லது, உட்சுழற்சியைத் தொடுவதே இல்லை. அதற்குத் தரையில் உட்கார்ந்து முன்கால், பின்கால் இரண்டையும் 90 டிகிரி மடக்கி வைத்து, கைகளைப் பின்னால் ஊன்றி, முழங்கால்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகச் சாய்க்க வேண்டும், பக்கத்துக்கு எட்டு. மேல்முதுகுக்கு ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை அடுக்கி வைத்து, மேல்கையைப் புத்தகம் திறப்பதுபோல் மறுபக்கம் கொண்டு போவது, பக்கத்துக்குப் பத்து. இவை தினமும் செய்யலாம், எட்டு நிமிடம்.

பலத்துக்கு வாரம் மூன்று நாள் போதும். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், 12 வீதம் மூன்று சுற்று. பக்கவாட்டு பிளாங்க், பக்கத்துக்கு 20 முதல் 30 நொடி. ஸ்குவாட் 12 வீதம் மூன்று சுற்று. ரெசிஸ்டன்ஸ் பேண்டை ஜன்னல் கம்பியில் மார்பு உயரத்தில் கட்டி, பக்கவாட்டில் நின்று, இரு கையாலும் மார்பிலிருந்து முன்னே தள்ளி மூன்று நொடி பிடித்து நிற்பது, பக்கத்துக்குப் பத்து. பேண்ட் உங்களைத் திருப்பப் பார்க்கும், திரும்பாமல் நிற்பதே பயிற்சி. என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பயன் தருவது பக்கெட் நடை: பத்து லிட்டர் பக்கெட்டில் தண்ணீர் நிரப்பினால் பத்து கிலோவுக்கு மேல். ஒரே கையில் தூக்கி, உடம்பு சாயாமல் 30 மீட்டர் நடந்து கை மாற்றுங்கள். பிடிப்பும் இடுப்பின் பக்கத் தசைகளும் சேர்ந்து வளரும். தண்ணீர் தளும்பினால் நீங்கள் ஆடுகிறீர்கள்.

ரேஞ்சுக்குப் போகும் அன்று நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங் வேண்டாம், அது வேகத்தைக் குறைக்கும். கால் வீச்சு, இடுப்புச் சுழற்சி, காற்றில் மெது வீச்சு எனப் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கினால் போதும். முதுகுவலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ எல்லாப் பயிற்சியையும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ரேஞ்சில் மேட்டின் விளிம்பை நம்பாதீர்கள், நீங்கள் தேர்ந்த குறிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. முதல் பத்துப் பந்தைக் கம்பு வைத்தும், அடுத்த பத்தைக் கம்பு இல்லாமல் ஒவ்வொன்றுக்கும் குறியை மாற்றியும் அடியுங்கள். பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால் வீச்சுப் பாதை இன்னும் உள்ளே இழுக்கிறது, அட்டைப்பெட்டிக்குத் திரும்புங்கள். நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளைந்தாலும் பாதைதான் பாக்கி, ஆனால் நெருங்கிவிட்டீர்கள். வலப்பக்கமே கிளம்பி மேலும் வலப்பக்கம் வளைந்தால் ஃபேஸ் திறந்திருக்கிறது, கிரிப்பையும் இடுப்பு உயர நிறுத்தத்தையும் பாருங்கள். வளையாமல் நேர்கோட்டில் வலப்பக்கம் போனால் ஸ்விங்கைத் தொடவே வேண்டாம், தோளின் குறுக்கே கம்பை வைத்துப் பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைத் திடல்களில் இந்தக் கணக்கைப் போடுவதற்கு முன் தரையைப் பாருங்கள்: பந்து காலைவிட உயரத்தில் இருந்தால் இடப்பக்கமும், தாழ்ந்திருந்தால் வலப்பக்கமும் போகப் பார்க்கும். சமதரையில் அடித்த பந்துகளை மட்டுமே வைத்து முடிவு செய்யுங்கள்.